கேப் விறைப்பாக இருந்தால் தாங்குமா, வெடிக்குமா? அம்மாவின் செராமிக் கேப் உடைந்தது பற்றி

பாம்பன் கயல் | திங்கள், இரவு 9.12

அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் கடைசிக்கு முந்தின கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து, மேலே பல் நிறத்தில் செராமிக் கேப் போட்டிருந்தோம். கொடுத்த அட்டையில் லித்தியம் டைசிலிகேட் என்று இருக்கிறது. 14 மாதம் ஒரு குறையும் இல்லை. நேற்று மதியம் வீட்டில் நண்டுக் குழம்பு. நண்டுக் காலை அம்மா எப்போதும் குழவியால் தட்டித்தான் சாப்பிடுவார், பல்லில் வைத்து உடைப்பதே இல்லை. வெறும் சோற்றை மென்றுகொண்டிருக்கும்போது டக்கென்று ஒரு சத்தம். கேப் நெடுக்காகப் பிளந்து பாதி தட்டில் விழுந்தது. மீதி பல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்று போய்க் காட்டினோம். "இந்தத் தடவை சிர்கோனியா போட்டுவிடலாம், இதைவிட இரண்டு மடங்கு விறைப்பு, அதனால் உடையாது" என்றார்கள். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னால் அவன் நேர் எதிராகப் பேசுகிறான். அவன் ஃபைபர் வள்ளங்களுக்குப் பழுது பார்ப்பவன். "வள்ளத்தில் விறைப்பான மேல்பூச்சுதான் முதலில் வெடிக்கும். அடியில் இருக்கிற ஃபைபர் வளைந்து கொடுக்கும், பூச்சு வளையாது. விறைப்பைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம்தான் வெடிக்கும்" என்கிறான்.

யார் சொல்வது சரி? விறைப்பு கூடினால் கேப்புக்குள் தகைவு (ஸ்ட்ரெஸ், அதாவது ஒரு சதுர அளவில் விழும் விசை) கூடுமா, குறையுமா? பிளஸ் டூவில் படித்த யங் குணகம் மட்டும் நினைவிருக்கிறது. அம்மா மறுபடி அந்த நாற்காலியில் உட்காரவே பயப்படுகிறார். இன்னொரு முறை உடையக்கூடாது. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.


தங்கச்சிமடம் வாத்தியார் | திங்கள், இரவு 10.05

கயல், உங்கள் அண்ணன் வேலை செய்து கண்டதைச் சொல்கிறார், அதில் பாதி உண்மை இருக்கிறது. கிளினிக்கில் சொன்ன முடிவும் சரியாக இருக்கலாம். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் தவறு. பாலிடெக்னிக்கில் பல வருடம் பொருள் வலிமை பாடம் எடுத்தவன் நான். மாணவர்கள் ஆண்டுதோறும் தடுக்கி விழுகிற இடம் இது. விறைப்பு வேறு, வலிமை வேறு. ஒரு பொருளை அழுத்தினால் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பது விறைப்பு. எவ்வளவு தகைவு வரை உடையாமல் நிற்கும் என்பது வலிமை.

நம் ஊர்க் கருவாட்டுக் களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மணலைச் சரியாகக் கெட்டிக்காமல் அதன் மேல் இரண்டு அங்குலத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டுவிடுவார்கள். ஐஸ் பெட்டி ஏற்றிய லோடு ஆட்டோ ஏறியதும் தளம் வெடிக்கும். வெடிப்பு எங்கே தொடங்குகிறது? சக்கரம் பட்ட மேல்பக்கத்தில் இல்லை, அடிப்பக்கத்தில். சக்கரத்துக்குக் கீழே மணல் கொஞ்சம் அமுங்குகிறது, தளம் அந்தப் பள்ளத்துக்குள் வளையப் பார்க்கிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. சிமெண்டு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது.

அதே மணலில் ஒரு ரப்பர் பாயை விரியுங்கள். பாய் வெடிக்காது, ஆனால் சுமை முழுவதும் மணலுக்குப் போய்ப் பள்ளம் விழும். அடுத்து ஓர் இரும்புத் தகட்டைப் போடுங்கள். அது சிமெண்டைவிடப் பல மடங்கு விறைப்பு. சுமையில் பெரும் பங்கைத் தானே ஏற்றுக்கொண்டு பரப்பும். அதே தடிமன் என்றால் அதற்குள் இருக்கும் தகைவு சிமெண்டில் இருப்பதைவிட அதிகம். இருந்தும் உடையாது, ஏனென்றால் அதன் வலிமை அதைவிட இன்னும் அதிகம்.

ஆக, விறைப்பு கூடினால் தகைவு கூடும். அண்ணன் சொன்னது அதுவரை சரி. உடையுமா என்பதை அந்தத் தகைவும் வலிமையும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.


மண்டபம் பல் டாக்டர் | திங்கள், இரவு 10.48

வாத்தியார் சார் சொன்ன மணலுக்கும் தளத்துக்கும் எண் தருகிறேன். எல்லாம் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, கிகாபாஸ்கலில். எனாமல் சுமார் 80. அதற்குக் கீழே இருக்கும் டென்டின் 18 அளவு. பழைய பீங்கான் 65 பக்கம், லித்தியம் டைசிலிகேட் 95, சிர்கோனியா 200 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல்.

கயல் அம்மாவின் பல் ரூட் கெனால் செய்தது. உள்ளே சொத்தை எடுத்த பள்ளத்தைக் காம்போசிட் (ரெசின் கலவை) வைத்துக் கட்டியிருப்பார்கள். அது 10 முதல் 15 வரைதான். கேப்பை ஒட்டும் ரெசின் சிமெண்டு அதற்கும் கீழே. அதாவது மணலுக்குள்ளும் கெட்டி மணல், சேற்று மணல் என்று வித்தியாசம் இருக்கிறது.

வலிமை பக்கம் வந்தால், லித்தியம் டைசிலிகேட்டின் வளைவு வலிமை சுமார் 400 மெகாபாஸ்கல். வழக்கமான, 3 மோல் விழுக்காடு இட்ரியா என்ற ஆக்சைடு கலந்த சிர்கோனியா 1000 சுற்றி. சாதாரணப் பீங்கான் 100ஐ ஒட்டித்தான். டெட்ராயிட்டில் சார்லஸ் லாண்ட் 1889இல் பீங்கான் ஜாக்கெட் கேப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வகைக் கேப்புகள் முன்பற்களைத் தாண்டிப் பின்னுக்குப் போக முடியாமல் நின்றதற்கு இந்த எண்ணே காரணம்.

இன்னொன்று. கடைவாயில் முழு பலத்தோடு கடித்தால் 500 முதல் 700 நியூட்டன் வரை வரும். சோறு மெல்லும்போது அதில் சிறு பகுதிதான். அப்படியிருக்கச் சோற்றில் உடைந்தது என்றால் விரிசல் அன்றைக்குப் பிறந்ததில்லை. எச்சில் ஈரம் விரிசலின் முனையில் கண்ணாடிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும், ஒவ்வொரு மெல்லலும் கொஞ்சம் நீட்டும். 14 மாதம் உள்ளுக்குள் வளர்ந்து, கடைசி நூலிழை சோற்றில் அறுந்திருக்கிறது. அம்மா தப்பாக எதையும் கடிக்கவில்லை. அவரிடம் இதைச் சொல்லுங்கள்.


பாம்பன் கயல் | திங்கள், இரவு 11.20

டாக்டர், ரொம்ப நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நேற்றிலிருந்து "நான்தான் பார்த்துச் சாப்பிடவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதுதான் கொஞ்சம் முகம் தெளிந்தது.

விழுந்த துண்டைக் கழுவி ஒரு மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து ஏதாவது சொல்ல முடியுமா?


லேப் மேசை | செவ்வாய், காலை 7.30

முடியும் தங்கச்சி. நான் ராமநாதபுரத்தில் கேப் செய்யும் லேபில் இருக்கிறேன். கொண்டு வந்து கொடுங்கள். உடைந்த விளிம்பைத் துணியால் தேய்க்காதீர்கள், அதில்தான் எல்லாம் எழுதியிருக்கும்.


தொண்டி நெய்தல் | செவ்வாய், காலை 8.15

எனக்கு ஒரு சந்தேகம். விறைப்பு கூடினால் கேப்பில் தகைவு கூடும் என்றால், விறைப்பு குறைந்த பொருளில் கேப் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? செராமிக்கும் ரெசினும் கலந்த கட்டிகள் வருகின்றன, 30 கிகாபாஸ்கல், இன்னும் சில 12, 15 என்று. டென்டினுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது இல்லையா? இயற்கையோடு ஒத்துப் போவதுதானே சரி?


தங்கச்சிமடம் வாத்தியார் | செவ்வாய், காலை 11.40

நல்ல கேள்வி. இதற்குக் கணக்குப் போட்டால்தான் தெளியும். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் பிரையன் லான் குழுவினர் தட்டையான கண்ணாடி, செராமிக் அடுக்குகளை மென்மையான அடித்தளத்தின் மேல் ஒட்டி, சிறு உருண்டையால் அழுத்தி, அடிப்பக்க விரிசல் எப்போது பிறக்கிறது என்று பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த உறவு எளிமையானது. அடிப்பக்க இழுவைத் தகைவு விசைக்கு நேர் விகிதம். தடிமனின் வர்க்கத்துக்கு எதிர் விகிதம். அப்புறம், மேலடுக்கு விறைப்பை அடித்தள விறைப்பால் வகுத்து வருகிற எண்ணின் மடக்கைக்கு (லாகரிதம்) நேர் விகிதம்.

மடக்கை என்பதைக் கவனியுங்கள். விறைப்பு இரண்டு மடங்கானால் தகைவு இரண்டு மடங்காகாது. டென்டின் 18 என்று வைத்து, ஒரே தடிமன், ஒரே விசைக்குப் போட்டுப் பார்த்தேன். லித்தியம் டைசிலிகேட்டில் வரும் தகைவை 1 என்று கொண்டால் சிர்கோனியாவில் சுமார் 1.45. வலிமையோ இரண்டரை மடங்கு. அதனால் சிர்கோனியா ஜெயிக்கிறது. விறைப்பு அதற்கு எதிராக வேலை செய்கிறது, வலிமை அந்தக் கடனை அடைத்துவிட்டு மீதியும் வைக்கிறது.

தொண்டி நெய்தல் கேட்ட 30 கிகாபாஸ்கல் பொருளில் தகைவு 0.3 பக்கம் இறங்குகிறது. ஆனால் அதன் வலிமை சுமார் 150 மெகாபாஸ்கல்தான், அதாவது லித்தியம் டைசிலிகேட்டில் 0.37. கிட்டத்தட்ட வந்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். விகிதம் இவ்வளவு குறையும்போது இந்தச் சூத்திரம் தடுமாறவும் செய்யும், அதனால் அந்த 0.3ஐக் கல்வெட்டாக எடுக்க வேண்டாம். போக்கை மட்டும் பாருங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது தடிமன். 1.5 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 1.2 இருந்தால் தகைவு 1.56 மடங்கு. ஒரு பொருளிலிருந்து இரண்டு மடங்கு விறைப்பான இன்னொரு பொருளுக்கு மாறினால் ஏறுவதைவிட, 0.3 மி.மீ. குறைந்தால் ஏறுவது அதிகம். நகத்தின் தடிமன் கூட இல்லாத அளவு அது. எந்தப் பொருள் என்று எல்லாரும் கேட்கிறார்கள், எத்தனை மி.மீ. என்று யாரும் கேட்பதில்லை.


மண்டபம் பல் டாக்டர் | செவ்வாய், மதியம் 2.10

வாத்தியார் சாரின் ரப்பர் பாயை இங்கே மறக்கக்கூடாது. கேப் வளைந்து கொடுத்தால் கேப் பிழைக்கும், அந்த வளைவு எங்கே போகும்? சிமெண்டுக்கும் பல்லுக்கும் போகும். ஒவ்வொரு மெல்லலுக்கும் விளிம்பில் சிமெண்டு இழுபட்டு, கடைசியில் கேப் முழுசாகக் கழன்று வரும். டென்டினைவிட விறைப்புக் குறைவான ஒரு ரெசின் கட்டியை முழுக் கேப்புக்குப் பயன்படுத்தலாம் என்ற பரிந்துரையை, கழன்று வருவது அதிகமாக இருந்ததால், அதைத் தயாரித்தவர்களே 2015இல் விலக்கிக்கொண்டார்கள். பல்லின் குழிக்குள் வைக்கிற உள்பதிப்பு மாதிரி சின்ன வேலைகளுக்கு அதே பொருள் நன்றாகவே இருக்கிறது.

இயற்கையோடு ஒத்துப் போவது என்றீர்கள். இயற்கை 18இன் மேல் 80ஐத்தானே வைத்திருக்கிறது! அங்கேயும் விறைப்பு வித்தியாசம் நான்கு மடங்குக்கு மேல். ஆனால் எனாமலும் டென்டினும் சேரும் எல்லை அலை அலையாகப் பின்னிக் கிடக்கிறது, எனாமலில் பிறக்கும் விரிசல் பெரும்பாலும் அங்கே வந்து நின்றுவிடும். வயதானவர்கள் பல்லில் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தால் மயிரிழைக் கோடுகள் நிறையத் தெரியும், பல் உடையாமல் இருக்கும். அந்த ஒட்டை நாம் இன்னும் செய்ய முடியவில்லை. அதற்குப் பக்கத்தில் போக முயல்வதுதான் அமிலம் வைத்துச் சொரசொரப்பாக்கி, சிலேன் என்ற இணைப்புத் திரவம் தடவி, ரெசினால் ஒட்டுவது. கண்ணாடி வகைச் செராமிக்குக்கு நன்றாக ஒட்டுவது அழகுக்காக இல்லை. அதன் பலத்தில் அதுவும் ஒரு பங்கு.


லேப் மேசை | புதன், இரவு 8.55

கயலும் அண்ணனும் துண்டோடு லேபுக்கு வந்திருந்தார்கள். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தடிமன் அளக்கும் ஐவான்சன் கேஜ். மேட்டுப் பகுதியில் 1.4 மி.மீ. நடுக் குழியில், பிளவு ஓடிய கோட்டில், 0.9. அங்கே 1.5 இருந்திருக்க வேண்டும். குழியைச் சுற்றி கிளேஸ் பளபளப்பு போயிருக்கிறது, தேய்க்கும் டைமண்ட் பர் ஓடிய வரிகள் தெரிகின்றன. லேபிலிருந்து போகும்போது 1.2 கூட இருந்திருக்கலாம். வாயில் வைத்ததும் மேல் பல் முட்டியிருக்கும், ஹை பாயின்ட் எடுக்கிறோம் என்று அங்கேயே தேய்த்திருப்பார்கள். நாங்களும் குறைத்துத்தான் அனுப்பியிருப்போம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். டாக்டர் இடம் விடவில்லை என்றால், திருப்பி அனுப்பாமல் இருக்கிற இடத்தில் செய்துகொடுக்கிற பழக்கம் லேப்களில் உண்டு. இந்தக் கேப் எங்கள் லேபில் செய்ததில்லை. இருந்தாலும் நாங்களும் அப்படிச் செய்திருக்கிறோம்.

அடுத்து உடைந்த முகம். 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்த்தேன். மெல்லும் பக்கத்து விளிம்பில் ஒரு சின்ன உதடு மடிந்து நிற்கிறது. கயலின் விரலை அதன் மேல் ஓட்டச் சொன்னேன், நகத்தில் தட்டியது. விரிசல் கடைசியாக வந்து முடியும் பக்கத்தில்தான் அந்த உதடு நிற்கும். அப்படியானால் தொடக்கம் எதிர்ப்பக்கம், கேப்பின் உட்பக்கம். உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் சரியாக அந்த இடத்தில் பர் கீறிய ஒரு கோடு. கேப் இறுக்கமாக இருக்கிறது என்று உள்ளே தேய்த்திருக்கிறார்கள். இழுவை எங்கே அதிகமோ அங்கேயே ஒரு கீறலைப் போட்டுக் கொடுத்தாயிற்று.

கயலின் அண்ணன் லூப்பை ரொம்ப நேரம் வாங்கி வைத்துப் பார்த்தார். "வள்ளத்திலும் இப்படித்தான், உள்ளே மரச்சட்டம் முட்டுகிற இடத்தில்தான் கோடு விடும்" என்றார்.


தங்கச்சிமடம் வாத்தியார் | புதன், இரவு 9.30

அந்த உதட்டை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சாக்பீஸை இரண்டு கையாலும் வளைத்து உடையுங்கள். கட்டைவிரல் இருந்த பக்கம், அதாவது அமுங்கிய பக்கம், அந்த மடிப்பு நிற்கும். வகுப்பில் எத்தனையோ சாக்பீஸ் இப்படி உடைத்திருக்கிறேன்.

0.9 என்றால் கணக்கு முடிந்தது. 1.5ஐ 0.9ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 2.8. தடிமனால் மட்டும் தகைவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அடியில் டென்டினுக்குப் பதில் 12 அளவுள்ள காம்போசிட் என்றால் மேலும் 25 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் 3.5. பல் தட்டையான பலகை இல்லைதான், எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் இதில் பொருளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.


கீழக்கரை காக்கா | வியாழன், காலை 6.20

துபாயிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் ஊருக்கு வந்தபோது சிரித்தால் தெரிகிற முன்கடைவாய்ப் பல்லுக்கு, பார்க்கப் பல் மாதிரியே இருக்கிற புது வகை சிர்கோனியா போட்டார்கள். "சிர்கோனியாதானே, மெல்லிசாகவே போடலாம், பல்லை அதிகம் தேய்க்க வேண்டாம்" என்று சொன்னார்கள். இதைப் படித்த பிறகு கவலையாக இருக்கிறது.


மண்டபம் பல் டாக்டர் | வியாழன், காலை 9.00

காக்கா, கவலை வேண்டாம், ஆனால் விவரம் தெரிந்திருக்கட்டும். பழைய சிர்கோனியாவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. விரிசல் முனையில் அதன் படிகங்கள் வடிவம் மாறிச் சுமார் 4 விழுக்காடு பருத்து, விரிசலை இறுக்கி மூடும். கார்வி என்ற ஆய்வாளரும் உடன் இருந்த இருவரும் 1975இல் இதை எழுதியபோது எஃகோடு ஒப்பிட்டார்கள். ஒளி ஊடுருவ வேண்டும் என்று இட்ரியாவை 5 மோலாகக் கூட்டிய வகையில் அந்தக் குணம் பெரும்பாலும் போய்விடும். வலிமை 1000இலிருந்து 600 பக்கம் இறங்கும்.

விறைப்பு மட்டும் இறங்காது, அதே 200 சுற்றித்தான். ஆகவே அதே தகைவை வாங்கிக்கொள்ளும், தாங்குவது மட்டும் குறைவு. சிர்கோனியா என்ற ஒரே பெயரை வைத்து, பழையதற்குச் சரியான 0.5 மி.மீ.யைப் புதியதற்கும் போட்டால் தப்பு. உங்களுக்கு 1 மி.மீ. பக்கம் இருந்தால் முன்கடைவாய்க்குப் போதும். உங்கள் டாக்டரிடம் எந்த வகை, குழியில் எத்தனை மி.மீ. என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.


தொண்டி நெய்தல் | வியாழன், காலை 10.15

நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். விறைப்பைக் குறைத்தால் சுமை காணாமல் போகாது, கீழே இறங்கும் என்பது பிடிபட்டது. அப்படியானால் கயல் அம்மாவுக்கு என்ன வழி? பல்லை இன்னும் தேய்த்து 1.5க்கு இடம் செய்வதா?


மண்டபம் பல் டாக்டர் | வியாழன், மதியம் 1.45

படத்தைக் கயல் தனியாக அனுப்பியிருந்தார். பல் ஏற்கெனவே குட்டை. இன்னும் 0.6 மி.மீ. தேய்த்தால் கேப் பிடித்து நிற்க உயரம் இருக்காது. அதனால் என் கருத்து, 3 மோல் சிர்கோனியா, குழியில் 1 மி.மீ. கீழே இருக்கிற காம்போசிட்டின் கூர் மூலைகளை மழுங்கடிக்க வேண்டும், ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் எடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். மேல் பல் முட்டினால் வாயில் வைத்துக் கரடுமுரடாகத் தேய்த்துவிட்டு விடக்கூடாது. எவ்வளவு எடுத்தாலும் மறுபடி கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்ய வேண்டும். சொரசொரப்பான சிர்கோனியா எதிர்ப் பல்லை அறுக்கும், நன்றாகப் பாலிஷ் செய்தது அறுக்காது.


தங்கச்சிமடம் வாத்தியார் | வியாழன், மாலை 5.00

டாக்டர் சொன்னதை உடைந்த கேப்போடு ஒப்பிட்டேன். அதே காம்போசிட், அதே விசை. தடிமன் 0.9இலிருந்து 1 ஆவதால் தகைவு இறங்குகிறது, விறைப்பால் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து பழையதைவிட 10 விழுக்காடு அதிகம். வலிமை இரண்டரை மடங்கு. நான் ஒப்புக்கொள்கிறேன்.


பாம்பன் கயல் | 3 வாரம் கழித்து, சனி, இரவு 7.50

நேற்று அம்மாவுக்கு கேப் போட்டாயிற்று. இங்கே எழுதியதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு அதே கிளினிக்குக்குத்தான் போனோம். புதிதாக வந்திருக்கும் டாக்டர் அம்மா பொறுமையாக முழுவதும் படித்தார். பழைய காம்போசிட்டில் ஒரு ஓரம் தளர்ந்திருந்ததைக் காட்டி, எடுத்துவிட்டு மறுபடி கட்டினார்.

சிமெண்டு வைக்கும் முன் கேஜில் வைத்துக் காட்டச் சொல்லி அண்ணன் கேட்டான். குழியில் 1.0, மேட்டில் 1.2. உள்ளே எங்கும் தேய்க்கவில்லை. மேல் பல் ஒரு இடத்தில் முட்டியது. கேப்பை வெளியே எடுத்து, கொஞ்சம் தேய்த்து, ரப்பர் வீல் வைத்துப் பாலிஷ் செய்து, மறுபடி கேஜில் வைத்தார். 0.95. "இதற்கு மேல் எடுக்க மாட்டேன், மீதியை மேல் பல்லின் முனையில் துளி எடுக்கிறேன்" என்றார்.

இன்று காலை அம்மா பனங்கிழங்கு வேகவைத்து, நார் உரித்து, அந்தப் பக்கத்திலேயே வைத்து மென்றார். பழைய துண்டு மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. லேப் அண்ணன், அது உங்கள் லேபில் புதுப் பையன்களுக்குக் காட்டப் பயன்படும் என்றீர்களே, செவ்வாய்க்கிழமை அண்ணன் ராமநாதபுரம் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன்.


லேப் மேசை | சனி, இரவு 8.30

கொடுத்தனுப்புங்கள் தங்கச்சி. பஞ்சில் சுற்றி அனுப்புங்கள், உதடு உடையாமல் வரட்டும்.